சாட்சி நேரம்

பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம்.
சாட்ஸ்வொர்த், ஐந்தாம் யூனிட்,
முன்பு மெத்தைக் கடையாக இருந்த கட்டடம்.
தகரக் கூரை. முந்நூற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலி.
கடைசி வரிசைக்குப் பின்னால்
ஒலிப்பலகையோடு நான்.

மூட்டுவலி போனவர்,
மகனுக்கு டொயோட்டாவில் வேலை கிடைத்தவர்,
திருடுபோன கார் உம்லாசியில் அகப்பட்டவர்
வரிசையில் நின்று சொல்வார்கள்.
அழுகிறவர்களுக்குக் குரல் உடையும்.
நான் அடிக்குரலைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பேன்,
அழுகை கேட்க நன்றாக இருக்கும்.

அந்த ஞாயிறு அவள் வந்து நின்றாள்.
(பெயரைச் சொல்லக்கூடாது என்பது கோர்ட் உத்தரவு.
ஆறு வருஷம், பாடகர் குழுவுக்கு
மைக் நீட்டும்போது நான் கூப்பிட்ட பெயர்.)
பதினாலு வயசு. ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூட சாக்ஸ்.
"வியாழக்கிழமை பயிற்சி முடிஞ்சதும் பாஸ்டர்" என்றாள்.
அவ்வளவுதான் கூரை வரை போனது.

மூப்பர் ரெஜினால்ட் படையாச்சி திரும்பிப் பார்க்கவில்லை.
முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே
கையைத் தலைக்குமேல் தூக்கி
மெதுவாக இறக்கினார்,
ஆசீர்வதிக்கிற மாதிரி.
அந்தச் சைகை எனக்குத் தெரியும்.
மூன்றாம் சானல்.
விரல் இறங்கியது. என் விரல்.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மின்வெட்டு என்றார்கள் வாசலில், கைகுலுக்கும்போது.
அந்த மாதம் தினமும் இரண்டு மணி நேரம் வெட்டு இருந்ததுதான்.
ஆனால் எங்கள் தலைக்குமேல் பன்னிரண்டு விசிறி சுற்றின.
திரையில் அடுத்த பாட்டின் முதல் அடி
வெளிச்சமாக நின்றது.
அண்ணாந்து பார்த்து, எல்லாரும் சேர்ந்து,
இருட்டு என்று ஒத்துக்கொண்டோம்.

விசுவாசிகள் என்று எங்களுக்குப் பெயர்.
தண்ணீர் திராட்சரசமானதை விசுவாசிக்கிறோம்,
நாலு நாள் செத்துக்கிடந்தவன் எழுந்து வந்ததையும்.
ஒரு பெண்பிள்ளை, ஒரு வியாழக்கிழமை, பூட்டிய அறை:
அதற்குத்தான் ஆதாரம் கேட்டோம்.

பிறகு இரண்டாவது பெண்.
பிறகு போலீஸ் வேன்.
பிறகு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருத்தி,
முப்பத்தைந்து வயசு, இரண்டு பிள்ளைக்குத் தாய்.
அவளுடையது மெத்தைக் கடைக்கும் முந்தியது,
கூடாரம் போட்டுக் கூடிய காலம்.

கூட்டம் குறைந்ததை நான் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.
ஆள் நிறைந்த கூடத்தில் குரல் உடம்புகளில் அமுங்கும்.
காலிக் கூடத்தில் சுவரில் மோதித் திரும்பும்.
இப்போது எந்த ஜெபமும்
சொன்னவரிடமே திரும்பி வருகிறது,
நான் எந்தக் குமிழைத் திருகினாலும்.

மெர்லின் குடும்பம் மறுபடி கோயிலுக்கே போய்விட்டது,
தைப்பூசத்துக்கு மகன் காவடி எடுத்தானாம்.
செட்ரிக் இன்னும் தசமபாகம் தருகிறார்.
"ஆண்டவரா செஞ்சாரு?" என்கிறார்,
ஒட்டிய உறையை மறுபடியும் அழுத்தியபடி.
அவர் மனைவி ஆராதனை முடியும்வரை
காரிலேயே இருக்கிறாள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

புது பாஸ்டர் நல்ல மனுஷன்.
அலுவலகக் கதவில் கண்ணாடி பதித்தார்.
சாட்சி நேரம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கிறார்.
யாரும் எழுந்திருப்பதில்லை,
மூட்டுவலி போனவர்கூட.
மூன்றாம் சானலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.
ஹைவேயில் போகிற மினிபஸ்கள் கேட்கின்றன.

நானா?
சாப்பிடுமுன் கண் தானாக மூடிக்கொள்கிறது.
யாரிடம் பேசுகிறேன் என்று யோசித்துத் திறக்கும்போது
சோறு ஆறிப்போயிருக்கும்.

போன செவ்வாய் டர்பன் கோர்ட்டில்
என்னைக் கூப்பிட்டார்கள்.
அரசுத் தரப்பு, ஆறாவது சாட்சி, நெவில் முனிசாமி.
கேள்வி சின்னதுதான்: அன்றைக்குக் கரண்ட் இருந்ததா?
அதற்கு முன்னால் குமாஸ்தாப் பெண் கேட்டாள்,
ஆண்டவர் பேரில் சத்தியம் செய்கிறீர்களா,
இல்லை வெறும் உறுதிமொழி போதுமா.
சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாள்.

எதிரே மைக். சிவப்பு விளக்கு எரிந்தது.
பலகை வேறு யாரோ கையில்.
பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க
பதிவாகியிருக்கும்.